‘இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதியவர்களுக்கு

வெளிநாடு சென்று படித்த, இப்போது படித்துக்கொண்டிருக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அனுப்பியவள் எனக்கு உறவில்லை. நான் படித்த அதே பல்கலைக்கழகத்தில், அதே துறையில், மூன்று ஆண்டு கழித்துச் சேர்ந்திருக்கும் பெண். என்னை அக்கா என்று அழைப்பாள். சேர்வதற்கு முன்பு ஆறு மாதம் விடாமல் கேள்வி கேட்டாள். நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். பெட்டி எவ்வளவு எடை இருக்கலாம், நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்தப் பேராசிரியரின் பாடம் சுவையாக இருக்கும், எல்லாம் சொன்னேன். அன்று வந்த செய்தி இரண்டே வரி. “அக்கா, என் கட்டுரையில் எழுத்துத் திருட்டு இருக்கிறது என்று விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்படியெல்லாம் நடக்கும் என்று நீங்கள் ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை?”

ஏன் சொல்லவில்லை என்றால், எனக்கும் அது நடந்திருந்தது.

முதல் பருவத்தின் ஏழாவது வாரம். பாடநூலிலிருந்து ஒரு வரையறையை எழுத்துப் பிசகாமல் எடுத்து எழுதியிருந்தேன். அதற்கு முன்பு பதினாறு ஆண்டுகள் அப்படி எழுதியதற்குத்தான் எனக்கு மதிப்பெண் கொடுத்தார்கள், பிசகினால்தான் குறைத்தார்கள். இங்கே எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அந்த வரிகளுக்கெல்லாம் வண்ணம் பூசித் திருப்பி அனுப்பியது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, கூடவே 100க்கு 48. கட்டுரையின் ஓரத்தில் ஒரு குறிப்பு: “விவரிப்பு இருக்கிறது, வாதம் எங்கே?” அன்று மாலை வீட்டுக்குப் பேசியபோது, “முதல் கட்டுரை முடிந்துவிட்டது” என்றேன். அது பொய்யில்லை. அன்று இரவு நூலகத்தில் ஒரு புகைப்படம் எடுத்துப் போட்டேன். உயரமான சன்னல், மேசை விளக்கு, திறந்த புத்தகம். இருநூறு பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்தார்கள். அதே கட்டுரையைத் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்பதும், அறைக்குப் போனால் அழுதுவிடுவேன் என்பதால்தான் அங்கே இருக்கிறேன் என்பதும் படத்தில் தெரியவில்லை.

இந்தப் பெண் என்னிடம் ஒருநாள் சொன்னாள்: “உங்கள் நூலகப் படத்தைப் பார்த்துத்தான் அக்கா இங்கே விண்ணப்பித்தேன்.”

ஆகவே இந்த மடலை நான் குற்றம் சாட்டும் இடத்திலிருந்து எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டிலிருந்துதான் எழுதுகிறேன். பக்கத்தில் நீங்களும் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் படிப்பில் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடையில் விழும் பள்ளத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் விளம்பரச் சிற்றேடுகளையும் முகவர்களையும் கைகாட்டுகிறோம். அவர்கள் விற்பவர்கள், விற்பவர் சொல்லை எவரும் பாதி தள்ளித்தான் கேட்பார்கள். அவர்களுக்காவது பெயரளவுக்கு ஒரு நெறி இருக்கிறது: 2012இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட லண்டன் அறிக்கை, கல்வி முகவர்கள் நடப்பு நிலவரத்தைத் துல்லியமாகவும் நேர்மையாகவும் சொல்ல வேண்டும் என்கிறது. எவ்வளவு பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்பது வேறு கதை. நமக்கு அப்படி எந்த அறிக்கையும் இல்லை. ஆனால் விண்ணப்பிப்பவர்கள் கடைசியில் நம்புவது நம்மைத்தான். “அங்கே படிக்கிற அண்ணனிடமே கேட்டுவிட்டேன்” என்பதற்கு மேல் ஒரு சான்று அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. (நண்பரைச் சேர்த்துவிட்டால் ஊக்கத்தொகை என்ற ஏற்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டு அந்த அண்ணன் வேலையைச் செய்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும்; அது இவ்வளவு மரியாதையாக இருக்காது.)

முன்னே போனவர் பின்னே வருபவருக்கு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு பழைய மாதிரி இருக்கிறது. 671இல் சீனாவிலிருந்து கப்பலேறிய யீஜிங் என்ற பௌத்தத் துறவி, நாளந்தாவில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் படித்தவர். போகும் வழியில் சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் கற்றார். பின்னால் எழுதும்போது, இந்தியாவுக்குப் படிக்கப் போக விரும்பும் சீனத் துறவிகள் நேரே போகாமல் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கிப் பயிற்சி பெற்றுவிட்டுப் போவது நல்லது என்று குறிப்பு வைத்தார். அதோடு நிற்கவில்லை. தமக்கு முன்னும் தம் காலத்திலும் அந்தப் பயணம் போன ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் வரலாற்றைத் தொகுத்தார். வழியில் நோயால் இறந்தவர்கள், கடலில் மூழ்கியவர்கள், திரும்பி வராதவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்படுவது இந்த இரண்டாவது காரியத்தால்தான். நாளந்தாவின் மாடங்களை மட்டும் வருணித்துவிட்டு அவர் நிறுத்தியிருக்கலாம். நாம் அப்படித்தான் நிறுத்துகிறோம்.

நாம் சொல்லாமல் விடுவதில் பெரும்பகுதி சோகக்கதை அல்ல, வெறும் கணக்கு. அதனால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. படிப்பின் சுமையை அளக்கும் ஐரோப்பிய மதிப்பலகு (கிரெடிட்) முறையில் ஓராண்டுப் படிப்புக்கு 60 அலகு. ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனின் ஓராண்டு முதுகலைக்கு 180 அலகு. அலகுக்கு 10 மணி. முதல் கணக்கில் ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம், இரண்டாவதில் 1800. 1800ஐ ஐம்பது வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு 36 மணி. எனக்கு வகுப்பு இருந்ததோ வாரத்தில் ஒன்பது மணி நேரம். கால அட்டவணையைப் பார்த்தபோது, இவ்வளவுதானா, மீதி நேரமெல்லாம் நம்முடையது என்று துள்ளினேன். மீதி இருபத்தேழு மணியும் நானும் வாசிப்புப் பட்டியலும் மட்டுமே ஒரு மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் என்பது அட்டவணையில் அச்சாகாது. கேட்க ஆளில்லை, மிரட்ட ஆளில்லை, “எதுவரை படித்தாய்?” என்று எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. பாடம் கடினமாக இருக்கும் என்று பயந்து போனேன்; பாடம் கடினமாக இல்லை. என்னை நானே படிக்க உட்காரவைப்பதுதான் கடினமாக இருந்தது.

இந்த 36 மணி நேரத்துக்குப் பக்கத்தில்தான் பகுதிநேர வேலையை வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் அனுமதி. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி. ஜெர்மனியில் 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அமெரிக்காவின் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் கல்வியாண்டு முழுவதும் பொதுவாக வளாகத்துக்கு வெளியே வேலைக்கே போக முடியாது. இவையெல்லாம் உச்சவரம்பு. நாம் உச்சவரம்பை வாக்குறுதி மாதிரிச் சொல்கிறோம். “இருபது மணி நேரம் வேலை செய்யலாம்” என்று நாம் சொன்னது, கேட்பவர் காதில் “இருபது மணி நேர வேலை கிடைக்கும்” என்று விழுகிறது. திருத்த நாம் மெனக்கெடுவதில்லை. எனக்கு முதல் பதினொரு வாரம் எதுவும் கிடைக்கவில்லை. பிறகு கிடங்கு ஒன்றில் இரவு வேலை, வாரம் பதினாறு மணி நேரம், போய்வர ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி. மறுநாள் காலை விவாத வகுப்பில் நான் அமைதியாக இருந்ததை என் ஆசிரியை கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். தூக்கம் என்று சொல்ல எனக்கும் கூச்சமாக இருந்தது.

வேலை செய்தே படிப்பை ஓட்டிவிடலாம் என்று எந்த விசா அதிகாரியும் நம்புவதில்லை. ஜெர்மனி ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போடச் சொல்லி, மாதத்துக்கு ஒரு பங்காக மட்டும் எடுக்க விடுவது அதனால்தான். அதிகாரிகளுக்குத் தெரிந்த இந்தச் சேதி, நம் தம்பி தங்கைகளுக்கு நம் வழியாகப் போய்ச் சேரவில்லை.

மதிப்பெண் விஷயம் ஓரளவு சிரிப்புக்கு உரியது. பிரிட்டனில் 70 எடுத்தால் முதல் வகுப்பு. பள்ளியிலிருந்து 90க்குக் கீழே இறங்கியறியாதவர்கள் 62ஐப் பார்த்து இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். அது நல்ல மதிப்பெண் என்று பக்கத்து அறைக்காரர் சொல்லும்வரை. ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. என் நண்பன் ஒருவன் 1.3 வாங்கியதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது, “பரவாயில்லை அப்பா, அடுத்த முறை 4 வாங்கிவிடு” என்று தேற்றினார்களாம்.

சிறிய சங்கடங்களை விட்டுவிடுகிறேன். அவற்றைத்தான் நாம் எல்லோரிடமும் கதையாகச் சொல்கிறோமே. முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வீடு இல்லை என்ற வட்டத்தைச் சொல்லியிருப்போம். ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் தரும் உறுதித்தாள் வேண்டும் என்பதையும் சொல்லியிருப்போம். மொழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஐ.இ.எல்.டி.எஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். அதைக் கடந்து வந்த நாம், எதிரில் நிற்கும் மனிதரிடம் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்கலாம் என்பதை மறந்துவிட்டு, புரிந்ததுபோல் தலையாட்டினோம். நான் தலையாட்டி ஏற்றுக்கொண்ட காரியங்களின் பட்டியல் நீளம்.

இனி, நாம் கட்டாயம் சொல்ல வேண்டியதும் சொல்லவே சொல்லாததுமான ஒன்று. 1955இல் நார்வேயின் சமூகவியலாளர் லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் என்ற உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய இருநூறு பேரிடம் விசாரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் அங்கத்திய வாழ்க்கையோடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இடையில் இருந்தவர்கள்தான் தவித்திருந்தார்கள். யு வடிவ வளைவு என்று அது பெயர் பெற்றது. எல்லோருக்கும் அப்படி நேர்வதில்லை, பலருக்கு முதல் சில வாரமே படுமோசமாக இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள், நியாயமான மறுப்புதான். ஆனாலும் அந்த வளைவை ஓராண்டு முதுகலையின்மேல் வைத்துப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. ஏறுமுகம் தொடங்குவதற்கு முன்பே படிப்பு முடிந்து, பட்டமளிப்பு அங்கியை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருப்போம். அதில் டிசம்பர் வேறு. லண்டனில் அந்த மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மூன்றரை மணிக்குத் தொடங்கும் வகுப்புக்கு வெளிச்சத்தில் நுழைந்து இருட்டில் வெளியே வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அந்த மாதங்களைத் தனியே தள்ளியவர்கள் எத்தனை பேர்? “எனக்கும் டிசம்பரில் இப்படித்தான் இருந்தது” என்ற ஒரு வரியை அடுத்தவருக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

“எதற்குப் பயமுறுத்த வேண்டும்?” என்று கேட்பீர்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் தயங்கியது அவர்கள் பயந்துவிடுவார்கள் என்பதால் அல்ல. நான் சறுக்கினேன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால். இதில் வீட்டுச் சூழலும் இருக்கிறது. நமக்காகக் கடன் வாங்கியவர்களிடம், அடமானம் வைத்தவர்களிடம், “48 வாங்கினேன்” என்று தொலைபேசியில் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் மறைத்ததில் ஒரு கருணை உண்டு. அவர் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. அடுத்து வருகிறவள் நம் பதிலை வைத்து இரண்டு ஆண்டையும் ஒரு குடும்பத்தின் கடனையும் தீர்மானிக்கிறாள். இரண்டு பேரிடமும் ஒரே பதிலைச் சொன்னோம். அதுதான் என் வழக்கு.

உண்மையைச் சொல்பவர்களிடமும் ஒரு குறை இருக்கிறது. நமக்குத் தெரிந்த உண்மைக்குத் தேதி போடுவதில்லை. பிரிட்டனில் படிப்புக்குப் பிந்தைய வேலை விசா 2012 ஏப்ரலில் மூடப்பட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரில், இரண்டு ஆண்டுக்கு மறுபடி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் “படித்து முடித்தால் இரண்டு ஆண்டு வேலை தேடலாம்” என்று பழைய மாணவர் யாரோ சொன்னதை நம்பிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் அது மெய். 2024 ஜனவரியில் அதே நாடு, பாடவழி (ஆராய்ச்சிவழி அல்லாத) முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதை நிறுத்தியது. அதே மாதம் கனடா, மாணவர் அனுமதிகளுக்கு வரம்பு கட்டப்போவதாக அறிவித்தது. ஓராண்டுக்கு முன்பு போனவரின் அனுபவம் அடுத்த ஆண்டு போகிறவருக்குப் பழைய வரைபடம். ஆகவே தயவுசெய்து, எதைச் சொன்னாலும் “நான் சேர்ந்த ஆண்டில்” என்று தொடங்குங்கள்.

நல்லதையும் நாம் சரியாகச் சொல்லவில்லை என்பது என் இன்னொரு மனத்தாங்கல். கட்டடங்களைப் படம்பிடித்தோம், பனியைப் படம்பிடித்தோம். என் வாழ்க்கையை மாற்றிய காட்சி படமெடுக்கத் தகுந்ததாக இல்லை. ஆசிரியரைத் தனியே சந்திக்க ஒவ்வொரு வாரமும் ஒதுக்கப்பட்ட நேரம் உண்டு. பின்தங்கியவர்கள்தான் அங்கே போவார்கள் என்று நினைத்து முதல் பருவம் முழுக்க நான் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் பருவத்தில், வேறு வழியில்லாமல், அந்த 48ஐ எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியை கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, “இந்த வரையறை உனக்குச் சரியாகப் படுகிறதா?” என்று கேட்டார். பாடநூலில் இருப்பது எனக்குச் சரியாகப் படுகிறதா என்று அதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. ஐந்து நிமிடம் திணறிவிட்டு, ஓரிடத்தில் பொருந்தவில்லை என்றேன். “எனக்கும் தெரியவில்லை, தேடிப் பார்த்து வந்து சொல்” என்றார். அறை சிறியது, சன்னல் இல்லை, நாற்காலியில் காகிதக் கட்டுகள். நான் விமானம் ஏறி வந்தது இதற்காகத்தான் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அவளும் ஏழாவது வாரத்துக்கு முன்பே அந்தக் கதவைத் தட்டியிருப்பாள்.

நான் உங்களிடம் கேட்பது படங்களை அழித்துவிடுங்கள் என்று அல்ல. அடுத்து யாராவது “அங்கே எப்படி இருக்கிறது?” என்று எழுதினால், உங்கள் முதல் பருவத்தில் ஏதாவது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எழுதி அனுப்புங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எவ்வளவு நேரம் யாரோடும் பேசாமல் இருந்தீர்கள், என்ன வாசித்தீர்கள், அதில் எவ்வளவு புரிந்தது, எப்போது தூங்கினீர்கள். மேலே ஆண்டைப் போடுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் படித்த பிறகும் வர விரும்புகிறவர் வரட்டும். அவருக்குப் பெட்டியின் எடையைச் சொல்லலாம்.

என்னுடையதை எழுதிவிட்டேன். எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் வண்ணம் பூசிய கட்டுரையையும் அதோடு சேர்த்து நேற்று அவளுக்கு அனுப்பினேன். “அக்கா, நீங்களுமா?” என்று மட்டும் பதில் வந்தது. வியாழக்கிழமை விசாரணை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று அழைப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. அவள் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தாள், நான் அன்று நிறுத்தியதுபோலவே. வேலைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். பத்து மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி